பதவி இல்லாத செல்வாக்கு: ஜாக்குலின் கென்னடி விட்டுச்சென்றது என்ன?

அமெரிக்க அரசியல் சாசனத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாலும், அதிபரின் மனைவி என்ன செய்ய வேண்டும் என்று எங்கும் இருக்காது. 'முதல் பெண்மணி' என்பது வழக்கத்தில் வந்த பட்டம். அதற்குத் தேர்தல் கிடையாது, சம்பளம் கிடையாது, எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போடும் உரிமை கிடையாது. அதிபருக்குத் துணையாக அவர் செய்யும் வேலைக்கு அரசு அலுவலர்களை அமர்த்தலாம் என்று சட்டத்தில் எழுதியதே 1978-ல்தான். அப்படிப்பட்ட இடத்தில் 1961 ஜனவரி முதல் 1963 நவம்பர் வரை, மூன்று ஆண்டுகள்கூட முழுதாக நிறையாமல் இருந்துவிட்டுப் போனவர், அதிபர் ஜான் கென்னடியின் மனைவி ஜாக்குலின் கென்னடி. ஆனாலும் அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு முதல் பெண்மணியையும் அவரோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பத்திரிகைகள் விட்டதில்லை.

காரணம் கேட்டால் பெரும்பாலோர் சொல்வது அழகு, உடை, இளமை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அழகான, நன்றாக உடுத்தத் தெரிந்த அரசியல்வாதிகளின் மனைவிகள் உலகில் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். பத்து ஆண்டுகளில் மறந்தும் போயிருக்கிறார்கள். ஜாக்குலின் விஷயத்தில் வேறு ஒன்று நடந்தது. உடையால் தன்மேல் விழுந்த பார்வையை அவர் தன்னோடு நிறுத்திக்கொள்ளாமல் வேறு பொருள்களின் மேல் திருப்பினார்: ஒரு கட்டடம், ஒரு ஓவியம், ஒரு நாட்டோடு இருந்த மனக்கசப்பு, கணவரைப் பற்றிய நினைவு. திருப்பியதோடு விடாமல், முடிந்த இடங்களில் அதைச் சட்டமாகவும் அமைப்பாகவும் ஆக்கிவைத்தார். இந்த இரண்டு படிகளையும் பிரித்துப் பார்த்தால் பதவி இல்லாதவரின் செல்வாக்கு எப்படி இயங்குகிறது என்பது விளங்கிவிடும்.

முதலில் ஆள் யார்?

ஜாக்குலின் பூவியே 1929 ஜூலை 28 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். கல்லூரிப் படிப்பின் நடுவே ஓராண்டு பாரிஸில் படித்தார். 1951-ல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியத்தில் பட்டம் பெற்றார். பிறகு வாஷிங்டனில் ஒரு நாளிதழில் கேமராவும் கையுமாகத் தெருவில் போகிறவர்களிடம் கேள்வி கேட்டு, படமெடுத்து, பத்தி எழுதும் வேலை பார்த்தார். அவருடைய வாழ்க்கைக் கதைகளில் இந்தப் பகுதியைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கேமராவுக்குப் பின்னால் நின்று பழகியவருக்கு, படத்தில் எது நிற்கும், எது மங்கிப்போகும் என்று தெரிந்திருக்கும். பின்னாளில் கேமராவுக்கு முன்னால் நின்றபோது அந்த அறிவு அவருக்குக் கைகொடுத்தது.

1953 செப்டம்பர் 12 அன்று ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் செனட்டர் ஜான் கென்னடியை மணந்தார். அந்த மணப்பெண் உடையை வடிவமைத்துத் தைத்தவர் ஆன் லோ என்ற கறுப்பினப் பெண். திருமணத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது அவருடைய பட்டறைக்குள் தண்ணீர் புகுந்து தைத்ததெல்லாம் நாசமாகிவிட்டது. யாரிடமும் சொல்லாமல், நஷ்டத்தைத் தானே ஏற்று, மொத்தத்தையும் மறுபடி தைத்துக் கொடுத்தார். நாடே பேசிய திருமணம் அது. ஆனாலும் உடையைச் செய்தவரின் பெயர் அன்றைய செய்திகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. ஒருவரின் 'ஸ்டைல்' என்று நாம் பாராட்டுவதற்குப் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன, அவற்றில் எவை வெளிச்சத்துக்கு வரவிடப்பட்டன என்பதையும் இந்தக் கதையோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

உடை எப்படி அரசியல் ஆனது?

1960 வாக்கில் அமெரிக்காவில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது வீடுகளில் தொலைக்காட்சி வந்துவிட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன்பு பத்தில் ஒரு வீட்டில்தான் இருந்தது. அதிபரின் குடும்பத்தை மக்கள் நாள்தோறும் கண்ணால் பார்க்கும் காலம் அப்போதுதான் தொடங்கியது. சரியாக அந்த நேரத்தில், முந்தைய அதிபரின் மனைவி, 64 வயது மேமி ஐசன்ஹோவர் வெளியேற, 31 வயது ஜாக்குலின் உள்ளே வந்தார். கையில் மூன்று வயது மகள், இரண்டு மாதம்கூட நிரம்பாத மகன்.

தேர்தல் சமயத்தில் அவருடைய உடைச் செலவு ஒரு சர்ச்சையாகவே கிளம்பியிருந்தது. பாரிஸ் உடைகளை வாங்கிக் குவிக்கிறார், உள்ளூர் ஆடைத் தொழிலை மதிக்கவில்லை என்று பேசினார்கள். கணவருக்கு வாக்கு குறையக்கூடிய விஷயம். அவர் என்ன செய்தார்? பாரிஸில் பிறந்து, ஹாலிவுட்டுக்கு உடை வடிவமைத்து, அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட ஒலெக் கசினியைத் தன் வடிவமைப்பாளராக அறிவித்தார். ரசனை பிரெஞ்சு, தயாரிப்பு அமெரிக்கா. விட்டுக்கொடுத்த மாதிரியும் இருந்தது, விட்டுக்கொடுக்கவும் இல்லை.

பதவியேற்பு நாளான 1961 ஜனவரி 20 அன்று கடும் குளிர். மேடையில் இருந்த பெண்கள் பலர் கனத்த கம்பளி ரோமக் கோட்டுகளில் இருந்தார்கள். ஜாக்குலின் வெளிர் பழுப்பு நிறத்தில், பெரிய பொத்தான்கள் வைத்த எளிய கோட்டும், தலையில் மாத்திரை டப்பி போன்ற வட்டத் தொப்பியும் அணிந்திருந்தார். அந்தத் தொப்பி ஹால்ஸ்டன் செய்தது; பின்னாளில் அவரே பெரிய வடிவமைப்பாளர் ஆனார். ஒரே நிறம், கோடு பிசகாத வெட்டு, பூவேலை இல்லை, நகை குறைவு. நெரிசலான படத்திலும், கறுப்பு வெள்ளைத் திரையிலும் கண் உடனே அவரிடம் போகும். சில மாதங்களில் அதே வெட்டில் மலிவான பிரதிகள் நாடெங்கும் கடைகளுக்கு வந்துவிட்டன. பணக்கார வீட்டுப் பெண்ணின் உடையைத் தட்டச்சுப் பணியில் இருக்கும் பெண்ணும் அணிய முடிந்ததற்குக் காரணம் அந்த எளிமைதான். சரிகையும் மணியும் கோத்த உடையாக இருந்தால் நகலெடுக்க முடியாது.

வெளிநாட்டுப் பயணங்களில் இதன் அடுத்த கட்டத்தைப் பார்க்கலாம். 1961 மே மாதம் கனடாவுக்குப் போனபோது சிவப்பு உடை அணிந்தார். அந்நாட்டின் குதிரைப்படைக் காவலர்களின் சீருடை நிறம் அது. அதே ஆண்டு பாரிஸில், வெர்சாய் அரண்மனை விருந்துக்கு பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஜிவான்ஷியின் உடையில் போனார். போகிற இடத்தின் மேல் மதிப்பு வைத்திருக்கிறேன் என்பதை ஒரு வார்த்தையும் பேசாமல் சொல்லும் முறை இது. பேசவும் செய்தார்: பிரெஞ்சு நன்றாக வரும், ஸ்பானிய மொழியில் உரையாற்றும் அளவுக்குப் பழக்கம் உண்டு. ஜூன் 2 அன்று பாரிஸில் பத்திரிகையாளர்களிடம் கென்னடி, ஜாக்குலினை பாரிஸுக்கு அழைத்து வந்தவன் நான்தான், அதில் எனக்கு மகிழ்ச்சி என்ற பொருள்படத் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். உலகின் மிக வலிமையான பதவியில் இருப்பவர் தன்னை மனைவியின் துணையாகச் சொல்லிக்கொண்ட அந்தத் தருணத்தில்தான், இவரால் அரசுக்கு என்ன பயன் என்பது கென்னடியின் ஆட்களுக்கே முழுதாகப் புரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பயணத்தில் அவருக்குச் சிநேகமானவர் பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ. மறு ஆண்டு அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து விருந்து வைத்தார். அதன் பலனாக, பிரான்ஸை விட்டு லேசில் நகராத மோனாலிசா ஓவியம் 1963 ஜனவரியில் வாஷிங்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அங்கும் நியூயார்க்கிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 20 லட்சம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். பிரெஞ்சு அதிபர் தெகோலுக்கும் கென்னடிக்கும் அணு ஆயுதம், ஐரோப்பியப் பாதுகாப்பு என்று பல விஷயங்களில் ஒத்துப்போகாத காலம் அது. ஒப்பந்தம் பேசத் தெரிந்தவர்களால் அந்த ஓவியத்தைக் கொண்டுவந்திருக்க முடியாது.

ராணுவமும் பணமும் இல்லாமல், ஈர்ப்பால் பிறரைத் தன் பக்கம் சாய வைப்பதை இன்று மென்சக்தி என்கிறோம். அதன் எல்லையும் எங்கே இருக்கிறது என்று பார்க்க, நமக்குத் தெரிந்த ஓர் உதாரணம் இருக்கிறது.

1962 மார்ச்: இந்தியாவில் ஜாக்குலின்

1961 டிசம்பரில் இந்திய ராணுவம் கோவாவைப் போர்ச்சுகலிடமிருந்து மீட்டது. ஐக்கிய நாடுகள் சபையில் அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன் இந்தியாவைக் கடுமையாகக் கண்டித்தார். அதற்கு ஒரு மாதம் முன்பு வாஷிங்டன் போயிருந்த நேருவுக்கும் கென்னடிக்கும் நடந்த பேச்சு கலகலப்பே இல்லாமல் முடிந்திருந்தது. இரு நாட்டு உறவில் ஒரு இறுக்கம். இந்த நிலையில்தான் 1962 மார்ச் 12 அன்று, கணவர் இல்லாமல், தங்கை லீ ராட்ஸிவில்லோடு ஜாக்குலின் டெல்லியில் வந்து இறங்கினார். அப்போது இங்கே அமெரிக்கத் தூதராக இருந்தவர் பொருளியல் அறிஞர் ஜான் கென்னத் கால்பிரெயித்.

காந்தி சமாதியில் அஞ்சலி, ஆக்ராவில் தாஜ்மகால், காசியில் கங்கைப் படகு, உதய்ப்பூரில் பிச்சோலா ஏரி, ஜெய்ப்பூரில் யானைச் சவாரி என்று பயணம் போனது. உதய்ப்பூர் ஏரியில் படகில் போகும்போது அவர் அணிந்திருந்த ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்புப் பட்டுடை இன்றும் பேசப்படுகிறது. வெயிலில், வெள்ளைப் பளிங்கும் நீல நீரும் பின்னணியாக இருக்கும்போது எந்த நிறம் எடுபடும் என்று முன்கூட்டியே யோசித்துத் தேர்ந்தெடுத்தது. கரையெங்கும் கூட்டம். அடுத்து பாகிஸ்தான், அங்கே அதிபர் அயூப் கான் 'சர்தார்' என்ற குதிரையைப் பரிசளித்தார். அமெரிக்க அரசின் தகவல் நிறுவனம் இந்தப் பயணத்தை வண்ணப்படமாக எடுத்து வெளிநாடுகளில் திரையிட்டது.

இதன் பலன் என்ன? மனநிலை இளகியது, அதைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சீனா தாக்கியபோது அமெரிக்கா இந்தியாவுக்கு ஆயுதம் அனுப்பியது. இந்த இரண்டையும் இணைத்து, ஜாக்குலின் வந்ததால்தான் உதவி கிடைத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்யூனிஸ்ட் சீனாவைத் தடுக்கும் தேவை அமெரிக்காவுக்கு எப்படியும் இருந்தது. மென்சக்தி கதவைத் திறந்து வைக்கும். உள்ளே யார் எதைக் கொண்டுவருவது என்பதை நாடுகளின் நலன்தான் முடிவு செய்யும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1964-ல் வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கரிடம் அவர் மனம்திறந்து பேசிய ஒலிப்பதிவுகள் 2011-ல் வெளியாயின. அவற்றில் இந்திரா காந்தியைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசுகிறார். மார்ட்டின் லூதர் கிங்கையும் விட்டுவைக்கவில்லை. புன்னகைக்கும் படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. புன்னகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அது ஒரு வேலை; அதை அவர் மிகத் திறமையாகச் செய்தார். மனதில் இருந்தது வேறு.

வெள்ளை மாளிகை: பார்வை சட்டமான கதை

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் மையம். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அதிபர் ட்ரூமன் காலத்தில், 1948-க்கும் 1952-க்கும் இடையே, இடிந்து விழும் நிலையில் இருந்த வெள்ளை மாளிகையின் உட்புறத்தை முழுக்கப் பெயர்த்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். கட்டடம் உறுதியானது. ஆனால் அறைகளை நிரப்பக் காசு போதவில்லை. கடையில் கிடைத்த நவீனப் பிரதி அறைகலன்களைப் போட்டு நிரப்பினார்கள். ஜாக்குலின் 1960 டிசம்பரில் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது, ஜெஃபர்சனும் லிங்கனும் வாழ்ந்த இடத்தில் அவர்கள் காலத்துப் பொருள் ஏறக்குறைய ஏதும் இல்லாததைக் கண்டு மனம் வெதும்பினார்.

பொருள்கள் எங்கே போயின? விற்றுவிட்டார்கள். ஒரு அதிபர் போய் அடுத்தவர் வந்தால் பழையதை ஏலம் போடுவது அங்கே வழக்கமாகவே இருந்தது. 1882-ல் அதிபர் செஸ்டர் ஆர்தர் 24 வண்டிச் சுமை பொருட்களை ஏலம் விட்டுவிட்டுப் புதிதாக அலங்கரித்தார். தடுக்கச் சட்டம் இல்லை.

புதிதாக வரும் குடும்பத்துக்கு வீட்டை மாற்றியமைக்க அரசு கொடுத்த தொகை 50,000 டாலர். குடும்பம் தங்கும் அறைகளுக்கே அது சில வாரங்களில் கரைந்துவிட்டது. மேற்கொண்டு அரசுப் பணத்தைக் கேட்டிருந்தால், ஏற்கெனவே உடைச் செலவைப் பற்றிப் பேசியவர்கள் சும்மா இருந்திருக்க மாட்டார்கள். அதனால் 1961 பிப்ரவரியில் ஒரு நுண்கலைக் குழுவை அமைத்தார். தலைவராக ஹென்றி ஃபிரான்சிஸ் டுபாண்ட்டைக் கொண்டுவந்தார். அமெரிக்கப் பழம்பொருள்களில் அவரைவிட மதிப்புள்ள ஆள் அப்போது இல்லை. அவர் எதிர்முகாமான குடியரசுக் கட்சிக்காரர், எனவே இது கென்னடி குடும்பத்தின் ஆடம்பரம் என்று எதிர்க்கட்சியால் எளிதில் சொல்ல முடியாது. பாரிஸின் உள்ளலங்கார நிபுணர் ஸ்டெஃபான் பூதானும் வேலையில் இருந்தார். அவர் பெயரை மட்டும் வெளியே அதிகம் அடிபடவிடவில்லை. பழைய அமெரிக்கக் குடும்பங்களின் பரண்களிலும் அரசுக் கிடங்குகளிலும் தேடிப் பொருள்கள் வந்தன. வெள்ளை மாளிகையின் ஒலிபரப்பு அறையிலேயே ஒதுங்கிக் கிடந்தது, விக்டோரியா மகாராணி 1880-ல் அனுப்பிய, 'ரெசல்யூட்' என்ற கப்பலின் மரத்தில் செய்த மேசை. அதை அதிபரின் ஓவல் அலுவலகத்துக்குள் முதல்முறையாகக் கொண்டுவந்தவர் ஜாக்குலின். பின்னர் வந்த அதிபர்களில் பெரும்பாலோர் அமர்ந்த மேசை அது.

இதுவரை நடந்தது ரசனையின் வேலை. அடுத்து நடந்த மூன்று காரியங்கள் வேறு தரத்தவை.

1961 செப்டம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தரைத்தளத்தின் பிரதான தாழ்வாரத்துக்கும், முதல் தளத்தின் பொது அறைகளுக்கும் அருங்காட்சியகத் தன்மை உண்டு, அதைக் காக்க வேண்டும் என்றது. வரலாற்று மதிப்புள்ளவை என்று அறிவிக்கப்படும் பொருள்கள் வெள்ளை மாளிகையின் சொத்து. பயன்படுத்தாவிட்டால் தேசிய அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பொறுப்புக்குப் போகும். எந்த அதிபரும் விற்க முடியாது. நன்கொடை கொடுக்கத் தயங்கியவர்களுக்கு இந்தச் சட்டம் வந்த பிறகுதான் தைரியம் வந்தது. தாத்தா காலத்து நாற்காலியைக் கொடுத்தால் அடுத்த ஆட்சியில் ஏலத்துக்குப் போகாது என்ற உறுதி கிடைத்துவிட்டதே.

இரண்டாவது, அதே ஆண்டு தொடங்கிய வெள்ளை மாளிகை வரலாற்றுச் சங்கம். 1962 ஜூலையில் அந்தச் சங்கம் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டு ஒரு டாலருக்கு விற்றது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வாங்கினார்கள். அந்தக் காசில் மேலும் பொருள்கள் வாங்கினார்கள். அரசிடம் கையேந்தாமல் ஓடும் ஏற்பாடு. அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது, புத்தகமும் புதுப்பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது, பொருள்களைப் பதிவு செய்து பேண ஒரு காப்பாட்சியர். ஜாக்குலின் காலத்தில் தொடங்கிய இந்தப் பணியை 1964-ல் அடுத்த அதிபர் ஜான்சன் ஆணை போட்டு நிரந்தரமாக்கினார்.

1962 பிப்ரவரி 14 அன்று வெள்ளை மாளிகையின் அறைகளைத் தொலைக்காட்சியில் நாட்டுக்கே சுற்றிக் காட்டினார். ஐந்து கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பார்த்தார்கள். அந்தப் பதிவை இன்று பார்த்தால், மூச்சு கலந்த அந்த மெல்லிய குரலும், உடையும்தான் முதலில் கவனத்தில் படும். இரண்டாம் முறை பாருங்கள். குறிப்புச் சீட்டு இல்லாமல், எந்த மேசை எந்த ஆண்டு வந்தது, யார் கொடுத்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கொடுத்தவர்களின் பெயரை நாடு கேட்க உச்சரித்தது அடுத்த நன்கொடையாளருக்கான அழைப்பும்கூட. அந்த நிகழ்ச்சிக்காக அவருக்குத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருது சிறப்பு விருதாகக் கிடைத்தது.

இந்த ஏற்பாட்டின் வலிமைக்கு என்ன சாட்சி என்றால், ஜாக்குலினைவிட அதிகமான பழம்பொருள்களை வெள்ளை மாளிகைக்குச் சேர்த்தவர் வேறொருவர் என்பதுதான். அவர் பாட் நிக்சன். எதிர்க்கட்சி அதிபரின் மனைவி. ஸ்டைல் ராணி என்று யாரும் அவரைக் கொண்டாடியதில்லை. 600-க்கும் மேற்பட்ட பொருள்கள் அவர் காலத்தில் வந்தன. தொடங்கியவர் போன பிறகு, அவரை விரும்ப வேண்டிய அவசியமே இல்லாதவர்களின் கையிலும் ஒரு காரியம் வளர்கிறது என்றால், அப்போதுதான் அதை நிலைத்த செல்வாக்கு என்று சொல்ல முடியும்.

நான்கு நாட்கள்

1963 நவம்பர் 22. டல்லாஸில் கணவர் சுடப்பட்டபோது பக்கத்தில் அமர்ந்திருந்தார். ரத்தக்கறை படிந்த இளஞ்சிவப்பு உடையை மாற்றிக்கொள்ளச் சொன்னவர்களிடம், அவர்கள் செய்ததை எல்லோரும் பார்க்கட்டும் என்று மறுத்துவிட்டார். விமானத்தில் லிண்டன் ஜான்சன் பதவியேற்றபோது அதே உடையோடு அருகில் நின்றார். அப்போது அவருக்கு 34 வயது. மூன்று மாதங்களுக்கு முன்புதான், பிறந்து இரண்டே நாளில் இறந்த மகன் பேட்ரிக்கைப் புதைத்திருந்தார்.

அன்றிரவே லிங்கனின் இறுதிச் சடங்கு எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். காங்கிரஸ் நூலகத்தில் இரவோடு இரவாகத் தேடினார்கள். லிங்கனின் உடல் வைக்கப்பட்ட அதே மேடை, ஆள் ஏறாத கறுப்புக் குதிரை, தேவாலயம் வரை உலகத் தலைவர்களோடு கால்நடையாகச் சென்ற ஊர்வலம், ஆர்லிங்டனில் அணையா விளக்கு. தொலைக்காட்சி நிறுவனங்கள் நான்கு நாட்கள் வேறு எதையும் காட்டவில்லை. அதிர்ந்துபோய் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த ஒரு நாட்டுக்கு, துக்கத்தை எப்படி நடத்துவது என்று அவர் காட்டினார். அதை வெறும் காட்சியமைப்பு என்று குறைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்கு அடுத்து செய்ததை அப்படி முழு மனதாக ஏற்கவும் முடியவில்லை. அடக்கம் முடிந்த நான்காம் நாள், பத்திரிகையாளர் தியோடர் வொயிட்டை அழைத்து, கென்னடிக்கு 'கேமலாட்' என்ற இசை நாடகம் பிடிக்கும் என்றார். ஆர்தர் மன்னனின் அரசவையைப் பற்றியது அது. கென்னடி ஆட்சியும் அப்படியொரு குறுகிய பொற்காலம் என்பதே செய்தி. கட்டுரையைத் தன் கையாலேயே திருத்தவும் செய்தார். 'லைஃப்' இதழில் வெளிவந்த அந்த உருவகம் ஆட்சியின் மேல் அப்படியே ஒட்டிக்கொண்டது. கியூபாவில் பன்றிகள் விரிகுடாத் தோல்வி, வியட்நாமில் கூடிக்கொண்டே போன ராணுவ ஆலோசகர்கள், கறுப்பினத்தவர் உரிமையில் நெடுநாள் காட்டிய தயக்கம், கணவரின் திருமணம் தாண்டிய உறவுகள், இவையெல்லாம் அந்த ஒளிக்குப் பின்னால் போயின. அது வரலாற்றைத் தவறாகப் படிப்பது என்று வொயிட்டே பின்னாளில் எழுதினார். விதவையான ஒரு பெண், ஒரு வாரத்துக்குள், ஒரே பேட்டியில் ஒரு ஆட்சியின் நினைவைத் தீர்மானித்துவிட்டார். எந்தத் தேர்தலிலும் நிற்காத ஒருவரின் கையில் இவ்வளவு செல்வாக்கு இருக்கும்போது, அவரைக் கேள்வி கேட்க ஒரு வழியும் இல்லை. இந்த வகைச் செல்வாக்கின் பெரிய ஆபத்து இதுதான்.

வெள்ளை மாளிகைக்குப் பிறகு

1968 ஜூனில் கொழுந்தனார் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்டோபரில் ஜாக்குலின் கிரேக்கக் கப்பல் அதிபர் அரிஸ்டாட்டில் ஒனாசிஸை மணந்தார். தேசத்தின் விதவையாக அவரைப் பூஜித்த பத்திரிகைகள் அவரை வசைபாடின. போற்றுதலுக்குள் ஒரு விலங்கும் இருக்கிறது என்பதை அந்த நாட்கள் காட்டின. 1975-ல் ஒனாசிஸ் இறந்தார்.

அதே ஆண்டு நியூயார்க்கில் ஒரு வழக்கு. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலைமேல் பெரிய அலுவலகக் கோபுரம் எழுப்ப ரயில் நிறுவனம் விரும்பியது. சில ஆண்டுகளுக்கு முன்புதான் அதே நகரின் பென் நிலையத்தை இடித்துத் தள்ளியிருந்தார்கள். அந்தக் கோபம் தணியாமல் 1965-ல் பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டம் வந்தது. 1967-ல் கிராண்ட் சென்ட்ரல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. 1975 ஜனவரியில் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நகராட்சியிடம் மேல்முறையீடு செய்யக் காசும் இல்லை, மனமும் பெரிதாக இல்லை. ஜாக்குலின் பாதுகாப்புக் குழுவோடு சேர்ந்தார், பத்திரிகையாளர்கள் முன் பேசினார், மேயர் ஏப்ரகாம் பீமுக்குக் கைப்பட உருக்கமான கடிதம் எழுதினார். நகரம் மேல்முறையீடு செய்தது. 1978 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பின் பலத்தில்தான் அமெரிக்கா முழுக்க நகரங்கள் தங்கள் பழைய கட்டடங்களைக் காக்கின்றன. வழக்கை வென்றவர்கள் வழக்கறிஞர்கள். ஆனால் ஒரு கட்டட விதி வழக்கை நாடே பேசும் செய்தியாக்கியது அவருடைய முகம். இந்த முறை அவர் அதிபரின் மனைவி இல்லை.

மீதிக் காலம் பதிப்பாசிரியர் வேலை. 1975-ல் வைக்கிங் நிறுவனத்தில் வாரம் 200 டாலர் சம்பளத்தில் சேர்ந்தார், 1978 முதல் டபுள்டேயில். இறக்கும் வரை விடவில்லை. மைக்கேல் ஜாக்சனின் தன்வரலாறும் அவர் கையால் வந்தது, எகிப்தின் நோபல் எழுத்தாளர் நகிப் மஹ்ஃபூஸின் மொழிபெயர்ப்புகளும் வந்தன. இந்திய அரசவை வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுத வைத்து 1985-ல் வெளியிட்டார். எழுதியவர் நவீன் பட்நாயக். பின்னாளில் ஒடிசாவை 24 ஆண்டுகள் ஆண்ட முதல்வர்.

எது நின்றது, எது நிற்கவில்லை?

1994 மே 19 அன்று புற்றுநோயால் 64 வயதில் காலமானார். 1996-ல் அவருடைய உடைமைகள் ஏலத்துக்கு வந்தன. மூன்று சரம் போலி முத்துமாலை ஒன்று 2,11,500 டாலருக்குப் போனது. ஏலத்தின் மொத்தத் தொகை 3.4 கோடி டாலரைத் தாண்டியது. மக்கள் விலை கொடுத்தது முத்துக்கு இல்லை என்பது தெரிந்ததுதான். ஆனால் அந்த மோகத்தை வைத்து அவருடைய செல்வாக்கை அளந்தால் தப்பாகிவிடும். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை போனால் மோகமும் குறையும்.

தோட்டங்களின் கதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. கென்னடி காலத்தில் பன்னி மெலன் வடிவமைத்த ரோஜாத் தோட்டமும், 1965-ல் ஜாக்குலின் பெயர் சூட்டப்பட்ட கிழக்குத் தோட்டமும் பல அதிபர்களைத் தாண்டி வந்தன. அவற்றைக் காத்தது வழக்கமும் மரியாதையும் மட்டுமே. 2025-ல் ட்ரம்ப் ஆட்சியில் ரோஜாத் தோட்டத்தின் புல்வெளியைக் கல் பாவி மூடினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கிழக்குக் கட்டடப் பகுதியையே புதிய விருந்து மண்டபத்துக்காக இடித்தபோது, அதை ஒட்டியிருந்த ஜாக்குலின் தோட்டமும் போனது. பலர் வருந்தினார்கள், எழுதினார்கள். தடுக்கும் பிடி யாரிடமும் இருக்கவில்லை. 1961 சட்டம் பேசியது தாழ்வாரத்தையும், பொது அறைகளையும், அவற்றில் உள்ள பொருள்களையும் பற்றி. தோட்டமும் கிழக்குப் பகுதியும் அதன் வரிகளுக்கு வெளியே இருந்தன. பட்டியலில் ஏறிய மேசை, நாற்காலி, ஓவியம் எதையும் ஏலம் போட எந்த அதிபருக்கும் இன்றும் உரிமை இல்லை.